மாட்டுக்குக் கொம்பு, காருக்குக் காலிப்பர்

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசுவதால் மாடு கூடுதலாக ஒரு படி பால் கறக்கப் போவதில்லை. ஏர் இழுக்கிற வேகமும் கூடாது. ஆனாலும் வருஷா வருஷம் பூசுகிறார்கள். ஒரு கொம்புக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குப் பச்சை என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வேறு!

"ஏன் பூசுறீங்க?" என்று கேட்டால், "அழகுக்குத்தான்" என்பார்கள். கூட நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். வர்ணம் பூசும் முன் மாட்டைக் குளத்துக்கு ஓட்டிப் போய்த் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். கொம்பைச் சீவுவார்கள். அப்போதுதான் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் உண்ணி கண்ணில் படும், குளம்பில் இருக்கிற வெடிப்பு தெரியும். வருஷம் முழுக்கக் கூடவே இருந்தும் பார்க்காததை எல்லாம் அன்றைக்குப் பார்ப்பார்கள்.

சரி, காருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அடி அண்ணாமலையில் ஒரு வீட்டு வாசலில் நடந்த கதை இது.

அடி அண்ணாமலை தெரியாதவர்களுக்கு: திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கிற ஊர். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்றும் சொல்வார்கள். பௌர்ணமி வந்துவிட்டால் பாதை முழுக்க மனிதத் தலைகள்தான். கார், வேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். வெறுங்காலோடு நடந்துகொண்டே இருப்பார்கள், விடிய விடிய.

அந்தப் பாதையை ஒட்டி வீடு இருக்கிற ஒரு வாடகைக் கார் ஓட்டுநருக்குப் பௌர்ணமி என்றால் என்ன ஆகும்? ஊருக்கே கூட்டம், அவர் வண்டி மட்டும் வாசலில் நிற்கும். அப்படி நின்ற ஒரு பௌர்ணமி மத்தியானம்தான் அவருடைய அக்கா பையன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பி.காம். இரண்டாம் வருஷம். பைக்குள் ஒரு சிவப்பு ஸ்ப்ரே கேன், பிரேக் கிளீனர், கம்பி பிரஷ், உப்புத்தாள், ஒட்டுகிற டேப்.

"மாமா, காலிப்பருக்குச் சிவப்பு அடிக்கலாமா?"

மாமா வண்டியைப் பார்த்தார். அது ஒரு டீசல் செடான். இரும்புச் சக்கரம், அதன்மேல் பிளாஸ்டிக் வீல் கப்.

"டேய், வீல் கப் போட்ட வண்டிடா இது. உள்ள சிவப்பு அடிச்சா இன்னா, பச்சை அடிச்சா இன்னா? யாருக்குடா தெரியும்?"

நியாயமான கேள்வி. பையனிடம் பதில் இல்லை. ஆனால் வண்டி எப்படியும் அன்றைக்கு வெளியே போகப் போவதில்லை. "சரி, அடிச்சுத் தொலை. ஆனா நானும் கூட இருப்பேன்" என்று மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்தச் சிவப்பு மோகம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம்.

அம்பாசிடர், பத்மினி ஓடிய காலத்தில் பெரும்பாலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். எல்லாம் ஒரு மூடிய சட்டிக்குள் நடக்கும், பார்க்க ஒன்றும் இருக்காது. டிஸ்க் பிரேக் அப்படி இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுற்றும். அதன் ஓரத்தை ஒரு இடுக்கி கவ்விக்கொண்டிருக்கும். அந்த இடுக்கிதான் காலிப்பர். பெடலை மிதித்தால் குழாயில் இருக்கும் பிரேக் ஆயில் அழுத்தும், பிஸ்டன் முன்னே வரும், இரண்டு பக்கமும் இருக்கும் பிரேக் பேடுகள் தட்டைப் பிடிக்கும். இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது 1953-ல்தான். பிரான்சில் நடக்கும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் வைத்த ஜாகுவார் அந்த வருஷம் ஜெயித்தது.

அதற்குப் பிறகு பந்தயக் கார்களில் காலிப்பர் பெரிதானது, வெளியே தெரியும்படி ஆனது, வண்ணமும் ஏறியது. இத்தாலியில் 1961-ல் தொடங்கிய பிரெம்போ நிறுவனம் 1975-லிருந்து ஃபெராரிக்குப் பிரேக் செய்து கொடுத்தது. இன்றைக்குச் சிவப்புக் காலிப்பர் என்றாலே பலருக்கு அந்தப் பெயர்தான் ஞாபகம் வரும். போர்ஷே காரில் மஞ்சள் காலிப்பர் இருந்தால் உள்ளே செராமிக் டிஸ்க் இருக்கிறது என்று அர்த்தம். அதாவது, அங்கே வண்ணம் ஒரு அடையாளம். உள்ளே இருக்கும் சரக்கைச் சொல்கிற அடையாளம்.

வீட்டு வாசலில் அடிக்கும் சிவப்புக்கு அப்படி எந்த அர்த்தமும் கிடையாது. அடித்த பிறகும் அதே பிரேக்தான். ஒரு அடி முன்னால்கூட வண்டி நிற்காது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சிவப்பைப் பார்த்ததும் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தும் ஆட்கள் இருக்கிறார்கள் :-)

இனி வேலைக்கு வருவோம். செய்ய நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுக்க வேண்டும். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி ஏற்ற வேண்டும். ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைக்காமல் வண்டிக்குப் பக்கத்தில் தலையை நீட்டவே கூடாது. ஸ்டாண்டு இல்லையா, அன்றைக்கு வேலையும் இல்லை. மாமாவிடம் இரண்டு ஸ்டாண்டு இருந்தது.

சக்கரத்தைக் கழற்றியதும் காலிப்பர் முழுக்கக் கறுப்புத் தூசி. பையன் வாயால் ஊதப் போனான். மாமா மண்டையில் ஒன்று வைத்தார். சரியான அடிதான். அது பேடும் டிஸ்கும் தேய்ந்த தூள். பழைய காலத்துப் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்கு எமன். புதுப் பேடாக இருந்தாலும் அந்தத் தூள் மூச்சுக்குள் போவது நல்லதில்லை. ஊதவும் கூடாது, கம்ப்ரசர் காற்றும் அடிக்கக் கூடாது. மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவுகிற பழக்கம் இங்கே உண்டு. அது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும். அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது, பேடில் பட்டால் பிரேக்கும் பிடிக்காது.

பிறகு கம்பி பிரஷ், அதற்குப் பிறகு உப்புத்தாள். அரை மணி நேரம் தேய்த்ததும் துருவுக்கு அடியில் இரும்பு தெரிந்தது. பெரும்பாலான சாதாரண கார்களின் காலிப்பர் வார்ப்பிரும்புதான். இந்த வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை பாடியில் 1962-லேயே டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் கர்லிங்கும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் வார்ப்பாலை சோளிங்கரில் இருக்கிறது. அதுவும் மலைக்கோயில் ஊர்தான்!

அடுத்தது டேப் ஒட்டுவது. இதற்குத்தான் பொறுமை வேண்டும். டிஸ்க், பிரேக் குழாய், ஆயிலில் காற்று எடுக்கும் நிப்பிள், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர், பேடு உட்காரும் இடம், காலிப்பர் வழுக்கி நகரும் பின்களின் ரப்பர் உறை. இதில் ஒன்றில்கூடப் பெயிண்ட் படக்கூடாது. முக்கியமாக, பிரேக் குழாயைக் கழற்றவே கூடாது. கழற்றினால் உள்ளே காற்று புகுந்துவிடும், பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

பையன் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தபோதுதான் நின்றான்.

"மாமா, ஒரு நிமிஷம் வாங்க. இந்த ரப்பர் கிழிஞ்சிருக்கு."

வலது முன் சக்கரம். கீழ்ப் பின்னின் ரப்பர் உறையில் விரல் நகம் அளவுக்கு ஒரு கிழிசல். மாமா காலிப்பரைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். லேசாக நகர வேண்டியது, அசையவே இல்லை. உறை கிழிந்து, மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய், பின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். இந்த மாதிரி கார்களின் காலிப்பரில் பிஸ்டன் ஒன்றுதான், உள்பக்கம் மட்டும். பிஸ்டன் உள் பேடைத் தள்ளும். உள் பேடு டிஸ்கில் முட்டியதும், காலிப்பர் முழுசாகப் பின்மேல் வழுக்கி வெளிப் பேடை இழுத்துக்கொண்டு வந்து டிஸ்கை மறுபக்கம் பிடிக்கும். பின் இறுகிவிட்டால் இந்த இரண்டாவது வேலை ஒழுங்காக நடக்காது. உள் பேடு ஒன்றே பாரம் முழுவதையும் சுமக்கும், சீக்கிரம் தேய்ந்துபோகும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டிஸ்க் சூடாகும், மைலேஜ் குறையும்.

மாமா காலிப்பரைத் தூக்கிக் கம்பியில் கட்டிவிட்டு (குழாயில் தொங்கவிடக் கூடாது) இரண்டு பேடையும் வெளியே எடுத்தார். பையன் ஸ்கேல் வைத்து அளந்தான். வெளிப் பேடில் 7 மில்லிமீட்டர் இருந்தது. உள் பேடில் 2-கூட முழுசாக இல்லை. பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு வந்தாலே மாற்றிவிட வேண்டும் என்பார்கள்.

மாமா கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை.

காரணம் இருக்கிறது. அவர் ஒன்றும் அலட்சியமான ஆள் இல்லை. டயர் மாற்றும்போதெல்லாம் குனிந்து பேடைப் பார்ப்பார். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது வெளிப் பேடு மட்டும்தான். அது எப்போதும் நல்ல கனமாகத்தான் இருந்தது. "பேடு இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் வரும்" என்று அவரே போன மாதம் சொல்லியிருந்தார். வண்டி லேசாக இழுத்ததை வீல் அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்திருந்தார்.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து வரும் ஒரு குடும்பத்தைக் கொல்லிமலைக்கு அழைத்துப் போக முன்பணம் வாங்கியிருந்தார். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது என்ஜினுக்குச் சோதனை, இறங்கும்போது பிரேக்குக்கு.

பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி, அவ்வளவுதான். 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் 60 கி.மீ. வேகத்தில் வருகிறது. அதை ஒரு தடவை நிறுத்தும்போது உண்டாகும் சூட்டில் அரை லிட்டர் தண்ணீர் கொதித்துவிடும். நாலு பேருக்கு டீ போடலாம். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. மலை இறக்கத்தில் இது ஒரு தடவை இல்லை, வளைவுக்கு வளைவு. சூடு ஏறிக்கொண்டே போனால் பிரேக் ஆயிலே கொதிக்கும். புதிதாக இருக்கும்போது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி, டாட் 4-க்கு 230. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. ஈரம் சேர்ந்துவிட்டால் டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வரும். குமிழ் அமுங்கும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டாவது கியரில் இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். இறுகிப்போன பின்னும், 2 மில்லிமீட்டர் பேடும், 70 வளைவும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

வாசலில் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. தோளில் குழந்தையைச் சுமந்துகொண்டு ஒருவர், கைத்தடியோடு ஒரு பாட்டி. மற்ற நாட்களில் அதே பாதையில், அதே மாதிரி வெறுங்காலில் நடப்பவர்களுக்கு நடுவேதான் அந்த வண்டி தினமும் ஓடுகிறது. மாமா வாசலையும் பேடையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெயிண்ட நிறுத்துடா. மொதல்ல இத பாப்போம்."

பெயிண்ட் வேறு, பிரேக் ரிப்பேர் வேறு. துடைப்பது, தேய்ப்பது, வண்ணம் அடிப்பது வீட்டில் செய்யலாம். பின் மாற்றுவதும் பேடு மாற்றுவதும் கை பழகியவர் செய்ய வேண்டிய வேலை. மறுநாள் பாதை திறந்ததும் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வீட்டுக்கே வந்தார். இரண்டு முன் சக்கரத்துக்கும் புதுப் பேடு, புது ரப்பர் உறை, புது பின். பின்னுக்குத் தடவுகிற கிரீஸுக்கும் கணக்கு இருக்கிறது. கடையில் கிடைக்கிற சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும். பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ்தான் போட வேண்டும். கையோடு பிரேக் ஆயிலையும் மாற்றச் சொல்லிவிட்டார் மாமா.

சிவப்பு? அதையும் விடவில்லை. மெக்கானிக் புதுப் பேடைப் பூட்டும் முன்பே, பையன் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். ஸ்ப்ரே வாங்கும்போது சூடு தாங்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். காலிப்பர் பெயிண்ட் என்று விற்பவை பிரேக் சூட்டைத் தாங்கும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் சைலன்சர் பெயிண்ட் இன்னும் அதிகம் தாங்கும், ஆனால் பெரும்பாலும் கறுப்பும் வெள்ளியும்தான் இருக்கும். சாதாரண ஸ்ப்ரே அடித்தால் கொஞ்ச நாளில் கருகி உரியும். கேனை நன்றாகக் குலுக்கி, மெல்லிசாக ஒரு பூச்சு, பத்து நிமிஷம் காயவிட்டு இன்னொன்று, பிறகு மூன்றாவது. ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் வழியும். காயும் வரை தொடாமல் இருக்க வேண்டும். பூச்சின்மேல் பிரேக் ஆயில் சொட்டினால் பெயிண்டைத் தின்றுவிடும்.

கடைசியாக ஒன்று, இதை மறந்தால் அத்தனையும் வீண். புதுப் பேடு போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். முதல் தடவை மிதிக்கும்போது பெடல் தரையைத் தொடும், பிரேக் இருக்காது. அதனால் வண்டியை நகர்த்தும் முன், நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை பல தடவை மிதிக்க வேண்டும். பிறகு தெருவில் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பையன் பி.காம். ஆயிற்றே, நோட்டில் கணக்கு எழுதினான். ஸ்ப்ரே 480, பிரேக் கிளீனர் 320, கம்பி பிரஷ் 60, டேப் 80, உப்புத்தாள் 40. ஆக 980. அது அவன் கைக்காசு. பேடு 1,900, பின்னும் ரப்பரும் கிரீஸும் 450, ஆயிலோடு சேர்த்துக் கூலி 900. ஆக 3,250. அது மாமா கொடுத்தது. மொத்தம் 4,230 ரூபாய்.

வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி பார்த்தால் இதில் எதுவும் மூலதனச் செலவு ஆகாது. வண்டியின் ஆயுளோ திறனோ முன்பு இருந்ததைவிடக் கூடிவிடவில்லை. இருந்ததைக் காப்பாற்றிய பராமரிப்புச் செலவு, அதாவது வருவாய்ச் செலவு. லாப நட்டக் கணக்கில் பற்று வைத்து மூடிவிடலாம். சந்தேகம் அந்த 980-ல்தான் வந்தது. அலங்காரத்துக்குச் செய்த செலவு, தொழிலுக்குச் சம்பந்தமே இல்லை என்று ஆடிட்டர் அடித்துவிடுவாரே! ஆனால் அந்த 980 இல்லாமல் அந்த 3,250 வந்தே இருக்காது. 'பராமரிப்பு' என்ற தலைப்பிலேயே இரண்டையும் ஒன்றாகப் போட்டான்.

சக்கரத்தை மாட்டி வீல் கப்பைத் தட்டி உட்கார வைத்ததும் சிவப்பு காணாமல் போய்விட்டது. குனிந்து, கப்பின் ஓட்டை வழியாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் ஒரு விரல் அகலம் தெரிந்தது. பெங்களூர்க் குடும்பம் கொல்லிமலை போய் வந்தது. அவர்கள் யாரும் அந்தச் சிவப்பைப் பார்க்கவில்லை.

காலிப்பருக்கு வண்ணம் அடிப்பது வெட்டி வேலை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். சக்கரத்தைக் கழற்றாமல், ஸ்போக் இடுக்கு வழியாக பிரஷை விட்டு நாலு இழுப்பு இழுப்பவர்களைப் பற்றிச் சொன்னால் அது சரிதான். மேலே ஒட்டுகிற பிளாஸ்டிக் மூடி வாங்கி மாட்டுபவர்களைப் பற்றியும் சரிதான். மாட்டைக் குளிப்பாட்டாமல் கொம்பில் மட்டும் பெயிண்ட் அடித்த மாதிரி. முறையாகச் செய்பவனுக்கு வண்ணம் கடைசிப் பத்து நிமிஷம்தான். அதற்கு முன்னால் அரை நாள் அவன் பிரேக்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஆறு மாதம் கழித்து இன்னொரு பௌர்ணமி. வண்டி வாசலில் நின்றது. மாமாவே பையனுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, கலர் மங்கின மாதிரி இருக்குடா. கழட்டிப் பாத்துடலாமா?"

வீல் கப் போட்ட வண்டி. மங்கியது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பையன் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.